கைத்துப்பாக்கியும் கைவாகும்

“எது நல்ல கைத்துப்பாக்கி?” என்று என்னைக் கேட்டவர்கள் நிறையப் பேர். நான் பட்டாளத்தில் இருந்தவனல்ல, போலீசிலும் இருந்ததில்லை. குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சில வருஷங்கள் ஆயுத உரிமக் கோப்புகள் என் மேசை வழியாக மேலே போய்க் கீழே வந்தன, அவ்வளவுதான். ரேஷன் கார்டுப் பிரிவில் இருந்தவனைப் பார்த்து எந்த அரிசியில் சாதம் உதிரியாக வரும் என்று கேட்பது போலத்தான் இது. ஆனாலும் கேட்கிறார்கள். வில்லியனூர்ப் பக்கம் நகைக்கடை வைத்திருக்கும் என் சம்பந்திக்கு உரிமம் வந்ததும் அவரும் அதையேதான் கேட்டார்.

நான் எப்போதும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “யார் கைக்கு?”

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லுவேன், போய் வாங்கிவிடலாம் என்று வருகிறார்கள். செருப்புக் கடைக்குப் போய் “எது நல்ல செருப்பு?” என்று கேட்டால், கடைக்காரர் முதலில் காலைத்தான் பார்ப்பார். நூறு ரூபாய்ச் செருப்புக்குக் காலைப் பார்க்கிற நாம், லட்சக்கணக்கில் விலை உள்ள, உயிர் சம்பந்தப்பட்ட சாமானுக்குக் கையைப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் இடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. என்னைக் கேட்டால், விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேருக்கு நல்ல பூட்டும் ஒரு நாயும் போதும். ஆனால் சட்டப்படி விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, உரிமமும் வாங்கிவிட்ட ஒருவரிடம் போய் “உமக்கு எதற்கு இது?” என்று கேட்பது வீண். அவர் வாங்கத்தான் போகிறார். எதை வாங்குவார் என்பதுதான் மிச்சம்.

நம் நாட்டில் கடைக்குப் போனால் அமெரிக்கச் சினிமாவில் வருவது போலச் சுவர் முழுக்கத் துப்பாக்கி தொங்கும் என்று நினைக்கவேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், கடைசியாக 2016-இல் வந்தவை உட்பட, கைத்துப்பாக்கி விஷயத்தில் கதவை மிகவும் ஒருக்களித்துத்தான் வைத்திருக்கின்றன. 9 மி.மீ., .38, .45 போன்ற ரகங்கள் தடை செய்யப்பட்டவை. பெரும்பாலும் ராணுவத்துக்கும் போலீசுக்கும்தான். சாதாரண உரிமதாரர் வாங்கக்கூடியது பெரும்பாலும் .32 ரகம், இல்லையென்றால் அதைவிடச் சிறிய .22. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை எண்பதுகளின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். அதற்கு முன் வந்து சேர்ந்த பழைய வால்தர், கோல்ட், வெப்ளி எல்லாம் கை மாறிக் கை மாறிப் பல லட்சத்துக்கு விற்கின்றன. அந்த விலை சாமான் கிடைக்காததற்கான விலை. தரத்துக்கான விலை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, புதிதாக வாங்குபவருக்கு இருப்பது கான்பூர் சரக்குத்தான் முக்கியம். அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பழைய வெப்ளி மாதிரியில் நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு தோட்டா. .32 பிஸ்டல் ஒன்று உண்டு, அசனி என்று பெயர், எட்டுத் தோட்டா மேகசின். 2014-இல் ‘நிர்பீக்’ என்று ஒரு சிறிய ரிவால்வர் வந்தது. அரை கிலோதான் எடை. பெண்களுக்கென்றே செய்தது என்றார்கள். அப்போது விலை 1,22,360 ரூபாய். 2023-இல் ‘பிரபல்’ வந்தது. இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும், எடை 700 கிராம். வெப்ளி பெயரிலேயே உத்தரப்பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையும் ரிவால்வர் செய்கிறது. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இருப்பதே நாலைந்து, இதில் என்ன தேர்ந்தெடுக்க இருக்கிறது என்று கேட்பீர்கள். நாலைந்து என்பதால்தான் கவனம் வேண்டும் என்கிறேன். நூறு ரகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஏதோ ஒன்று கைக்கு ஒத்துவரும். நாலில் ஒன்றை எடுப்பவர், தன் கைக்கு ஒத்துவராத மூன்றில் ஒன்றை எடுத்துவிடத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆயுதத்தை வாங்கிய பிறகு அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டி, அதன் எண்ணை உரிமப் புத்தகத்தில் பதிந்துகொண்டு போகவேண்டும். அந்த வேலையும் என் மேசைக்கு வந்தது. தோட்டா இல்லாமல், உறையோடு கொண்டுவருவார்கள். எண்ணைப் பார்ப்பதற்காக உறையிலிருந்து எடுப்பார்கள். அந்த எடுக்கிற அழகிலேயே தெரிந்துவிடும். சிலர் கையில் அது பழைய பேனா மாதிரி உட்காரும். பலர் கையில், கல்யாண வீட்டில் அடுத்தவர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நிற்பது மாதிரி இருக்கும். முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காமல் வாங்கியவர்கள் அவர்களில் உண்டு. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறை அல்லவா நாம்! கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது.

நான் ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சில் ‘ப்ரீஸ் ஆன் மேன்’ என்று ஒரு பிரயோகம் உண்டு. கையில் எடுத்துப் பிடிப்பது என்று நேர் அர்த்தம். கார் ஸ்டியரிங்கிலிருந்து தச்சனின் உளி வரை எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். நம் தமிழில் அதைவிட அழகான வார்த்தை இருக்கிறது: கைவாகு. அரிவாள்மனை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்த்து, “எனக்கு இது வாகா இல்ல” என்று தள்ளிவிடுவார்கள். கடைக்காரர் எவ்வளவு நல்ல இரும்பு என்று சொன்னாலும் எடுபடாது. அந்தப் புத்தி ஆண்பிள்ளைகளுக்குத் துப்பாக்கிக் கடையில் வருவதில்லை.

கைவாகு என்றால் என்ன என்பதை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் என் பள்ளித் தோழர் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. (வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்கு: புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.) அங்கே அவர் கையில் இருந்தது 1950-ஆம் வருஷத்து மாடல், ‘மாக் சேங்க்காந்த்’ என்பார்கள், 9 மி.மீ. பிஸ்டல். அதைப் பற்றி அவருக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. “பட்டாளத்துல நமக்குத் தகுந்த துப்பாக்கியா குடுப்பான்? குடுத்த துப்பாக்கிக்கு நாமதான் கையை வளைச்சுக்கணும். வருஷக்கணக்கா பயிற்சி குடுக்குறான், வளையுது. உங்க ஊர் வியாபாரிக்கு யாருப்பா பயிற்சி குடுப்பா?” என்பார்.

இது நான் கேட்டவற்றிலேயே முக்கியமான வார்த்தை என்று நினைக்கிறேன். பட்டாளத்துக்காரன் எதையும் பழகிக்கொள்வான். 2016 விதிகளின்படி நம் உரிமதாரரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்டவேண்டும்தான். அதற்குப் பிறகு? பெரும்பாலானவர்கள் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருகிறார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கைக்கு, பழகாமலே ஓரளவு ஒத்துவரும் சாமான்தான் வேண்டும்.

அவர் சொன்ன சோதனைகளை என் பாஷையில் சொல்கிறேன். எல்லாம் காலித் துப்பாக்கியில் செய்வது. காலி என்று கடைக்காரர் சொன்னால் போதாது, திறந்து உங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். குழல் ஆளில்லாத பக்கம் இருக்கவேண்டும். பார்க்கிற நேரம் தவிர, விரல் ட்ரிகரில் இருக்கக்கூடாது.

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வு, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகமுடியுமோ அவ்வளவு மேலே உட்காரவேண்டும். அப்படிப் பிடித்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வரவேண்டும். வராமல், ட்ரிகரைத் தொடுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்பவேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுக்குப் பெரிது. சுடும்போது உதை முன்கைக்குள் போகாமல் கட்டைவிரல் கணுவில் போய் விழும். விரல் ட்ரிகரைத் தாண்டி வெகு தூரம் உள்ளே போய்விட்டால் பிடி சிறியது. இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் இழுபடும். விரலின் முதல் கணு, அல்லது அதற்கு முன்னால் உள்ள சதைப்பகுதி, ட்ரிகரில் நேராகப் படியவேண்டும். இது விரல் நீளத்தைப் பொறுத்த விஷயம். ஆறடி ஆளுக்குக் குட்டை விரல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நேரே நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். குழல் நுனியில் உள்ள குறிமுள், பின்னால் உள்ள பள்ளத்தில் ஓரளவு தானாகவே வந்து நிற்கிறதா? நின்றால் அது உங்கள் கைக்குச் செய்தது. வானத்தையோ தரையையோ பார்த்தால் அடுத்ததைக் கேளுங்கள். நான் படித்த பல கட்டுரைகள் தோட்டாவின் வேகத்தையும் கனத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. எல்லாமே .32-க்குள் அடங்கிவிடும் நம் ஊரில் அந்த ஆராய்ச்சியால் பிரயோஜனம் குறைவு. இந்தக் கண்மூடிச் சோதனைக்கு அரை நிமிஷம் போதும்.

பிறகு பலம். இதை என் வயதுக்காரர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். ரிவால்வரில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டால் ட்ரிகர் லேசாக இருக்கும். இழுத்து வைக்காமல் நேராக ட்ரிகரை அழுத்தினால், அந்த ஒரே அழுத்தம் சுத்தியலையும் தூக்கி உருளையையும் சுற்றவேண்டும். சாதாரணமாக நாலரை, ஐந்து கிலோ இழுவை. ஐந்து கிலோ அரிசிப் பையின் காதை ஆட்காட்டி விரலில் மாட்டி, அந்த ஒரே விரலை மடக்கிப் பாருங்கள். அதுவும் கை ஆடாமல். பிஸ்டலில் ட்ரிகர் சற்று லேசாக இருக்கலாம். ஆனால் முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். உள்ளே இருக்கும் சுருள்வில் கடினம். மூட்டுவலி உள்ள கட்டைவிரல் அதற்கு ஒத்துழைக்காது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறவர் பிஸ்டல் வாங்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். அப்படி ஏற்ற முடியாதவர்கள் தோட்டாவை ஏற்றியபடியே வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பேரன் பேத்தி ஓடுகிற வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். கணவர் காலமாகி ஒரு வருஷம். அவருடைய .32 ரிவால்வர் வீட்டில் இருந்தது. பாகூர்ப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். அந்த ஆயுதத்தை அம்மா பெயருக்கு மாற்றிவிடலாம், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார் என்று வெளிநாட்டில் இருந்த பையனின் யோசனை. வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்: “ஐயா, அது அவர் கைக்குத்தாங்க. ஒரு விரலால என்னால அசைக்கவே முடியல. ரெண்டு விரலையும் வெச்சு இழுத்தா முனை தரையைப் பாக்குது. ராத்திரி யாராச்சும் வந்தா நான் இதை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்? வர்றவன் என் கையிலேருந்து பிடுங்கிக்குவான்.” சொல்லிவிட்டு, படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் அதை விற்க என்ன வழி என்று கேட்டுக்கொண்டு போனார். அந்தப் பிரிவில் நான் இருந்த வருஷங்களில் துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய இன்னொரு மனிதரைப் பார்க்கவில்லை.

வாரிசு விஷயத்தில் நம் குடும்பங்கள் சென்டிமென்ட் பார்க்கின்றன. இப்போதுள்ள விதிப்படி, உரிமதாரர் இறந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. எழுபது வயது ஆனாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோகூட வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யாராவது வாரிசாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களா? 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு ஆயுதம்தான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. அந்த இரண்டில் ஓர் இடத்தை, கைக்கு ஒத்துவராத தாத்தாவின் ரிவால்வருக்குக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

லேசான துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. ‘நிர்பீக்’ வந்தபோது பத்திரிகைகளில் அதன் எடையைத்தான் பெரிதாகப் போட்டார்கள். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம், பெண்களுக்கு ஏற்றது என்று. சுமப்பதற்கு லேசு, உண்மை. சுடும்போது கணக்கு தலைகீழ். அதே தோட்டா, அதே மருந்து, துப்பாக்கியின் எடை குறைந்தால் அது பின்னால் உதைக்கிற வேகம் கூடும். பள்ளிக்கூடப் பௌதிகம்தான் இது. .32 பெரிய உதை கொடுக்கிற ரகமல்ல என்பது வேறு விஷயம். ஆனால் பெண் என்றால் சிறியது, லேசானது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது சரியில்லை. மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து வஞ்சிரத்தை ஒரே போடில் துண்டு போடுகிற பெண்ணின் மணிக்கட்டுக்கு முன் என் மணிக்கட்டு என்ன ஆகும்? அவரவர் கையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இனி சம்பந்தி கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு கடைக்கு அவரும் நானும் சொல்தா நண்பருமாகப் போனோம். சம்பந்தி மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. அந்தக் கடையில் பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று விற்பனைக்கு இருந்தது. சின்னது, கறுப்பு, பளபளப்பு. ஜேம்ஸ் பாண்ட் வைத்திருப்பது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்தை முடித்துவிடலாம்.

“எடுத்துப் பிடிங்க, முசியே,” என்றார் நண்பர். சம்பந்தி வலது கையில் வாங்கிப் பிடித்தார். நண்பர் முகத்தைச் சுளித்தார். கண்ணை மூடி நீட்டச் சொன்னார். குழல் இடப்பக்கச் சுவரைப் பார்த்தது. இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே. நண்பர் மேசை மேலிருந்த காகிதம் ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி அவரிடம் கொடுத்து, மூலையில் இருந்த குப்பைக் கூடையில் எறியச் சொன்னார். சம்பந்தி இடது கையால் எறிந்தார். சரியாக விழுந்தது.

“நீங்க பீச்சாங்கைக்காரரா?” என்று கேட்டார் நண்பர். சம்பந்தி வெட்கத்தோடு சிரித்தார். எழுதுவது, சாப்பிடுவது, தராசு பிடிப்பது எல்லாம் வலது கைதான். சின்ன வயதில் இடது கையால் பலகையில் எழுதியதற்கு வாத்தியார் முழியிலேயே அடித்து மாற்றிவிட்டாராம். ஆனால் ஆணி அடிப்பது, கல்லெறிவது, நகைப்பட்டறையில் நுணுக்கமாக ராவுவது எல்லாம் இடது கை. முப்பது வருஷமாகச் சம்பந்தி. எனக்கே தெரியாது.

எத்தனை ஆயிரம் பேரை நம் பள்ளிக்கூடங்கள் இப்படி மாற்றியிருக்கும்! நம் வயதுக்காரர்களில் யார் உண்மையில் இடது கை என்று அவரவருக்கே சந்தேகம்தான். ஆபத்து நேரத்தில், யோசிக்க நேரமில்லாதபோது, வாத்தியார் கற்றுக்கொடுத்த கை வராது. பிறக்கும்போது வந்த கைதான் முன்னால் நீளும்.

இடது கையில் கொடுத்ததும் குழல் நேராக நின்றது. ஆனால் அந்த ஜெர்மன் பிஸ்டலின் பாதுகாப்பு விசை இடப்பக்கம், வலது கைக் கட்டைவிரலுக்கென்று வைத்தது. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் அதற்கு எட்டாது. நண்பர் சிரித்தார். “உங்களுக்குன்னே ஒண்ணு எங்காளுங்க செஞ்சாங்க. 1892-ஆம் வருஷத்து ரிவால்வர், செந்த்-எத்தியேன் தொழிற்சாலை. உலகத்துல எல்லா ரிவால்வரும் உருளையை இடப்பக்கம் திறந்தா, பிரெஞ்சுக்காரன் மட்டும் வலப்பக்கம் திறந்தான். இடது கையில பிடிச்சு வலது கையால தோட்டா போட அதுபோல வராது. என்ன, 8 மி.மீ., உங்க உரிமத்துல வராது. தோட்டாவும் கிடைக்காது.” கடைக்காரருக்கு இந்தச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. ஜெர்மன் பிஸ்டல் கை நழுவுகிறதே என்ற கவலை.

பிறகு கான்பூர் ரிவால்வரை எடுத்துக் காட்டினார். ரிவால்வரில் தனிப் பாதுகாப்பு விசைத் தொல்லை இல்லை. எந்தக் கையாக இருந்தாலும் ட்ரிகர் ட்ரிகர்தான். மடக்கித் திறக்கிற தாழ் மட்டும் வலது கைக்காரருக்கு வசதியான இடத்தில் இருந்தது. சம்பந்தி வலது கையால் அதைத் தள்ளித் திறந்து பார்த்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு வந்துவிட்டது. அடுத்து ‘பிரபல்’. அதில் உருளை பக்கவாட்டில் வருகிறது. அவர் இடது கைக்கு அது முரண்டு பிடித்தது. மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் பிடித்துப் பார்த்தார். காபி இரண்டு தடவை வந்தது. கடைக்காரர் பொறுமைசாலி என்று சொல்லவேண்டும்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. சம்பந்தி இருபார்வைக் கண்ணாடி போடுபவர். குறிமுள் இருப்பது கை நீளத்தில். படிக்கிற தூரத்தைவிட அதிகம், தெருவைப் பார்க்கிற தூரத்தைவிடக் குறைவு. கண்ணாடியின் கீழ்ப்பாதியிலும் தெளிவாக இல்லை, மேல்பாதியிலும் இல்லை. தலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். கண் டாக்டரிடம் சொல்லி, கை நீளத்துக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நம் வயதில் துப்பாக்கி வாங்குபவர் பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பழைய ரிவால்வர்களில் குறிமுள் மெலிந்து இருக்கும். தடித்ததாக இருந்தால் கண்ணுக்குச் சுகம்.

தோட்டா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உரிமத்தில் .32 என்று இருந்தாலும் ரிவால்வருக்கான தோட்டா வேறு, பிஸ்டலுக்கான தோட்டா வேறு. எண் ஒன்று, உருவம் வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது. வாங்கும்போதே ஆயுதத்தைக் காட்டிக் கேட்கவேண்டும்.

என் குறை ஒன்று உண்டு. பிடித்துப் பார்க்கலாம், கண்ணை மூடி நீட்டலாம், எல்லாம் சரி. சுட்டுப் பார்த்து வாங்க நம் ஊரில் பெரும்பாலும் வழி இல்லை. உரிமம் கொடுக்கும் முன் பயிற்சி வேண்டும் என்று விதி போட்டவர்கள், அந்தப் பயிற்சி இடத்திலேயே கடையில் கிடைக்கிற நாலைந்து ரகத்தையும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஆறு தோட்டா சுட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கலாம். செலவை விண்ணப்பதாரரிடமே வாங்கிக்கொள்ளட்டும். எது தன் கைக்கு வரும் என்பது மட்டுமல்ல, தனக்கு இது வேண்டவே வேண்டாம் என்பதும் சிலருக்கு அங்கேயே தெரிந்துவிடும். முதல் சத்தத்திலேயே படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். கோப்பும் குறையும். காரை ஓட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

சம்பந்தி அன்று எதையும் வாங்கவில்லை. கடைக்காரருக்கு வருத்தம். ஆனால் ஜெர்மன் பிஸ்டலுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் கடைக்கு இரட்டைக் கதவும் கேமராவும் போட்டுவிட்டார். கான்பூர் ரிவால்வரைத்தான் வாங்கப்போகிறார், அது முடிவாகிவிட்டது. இப்போது வாரம் ஒரு நாள், பட்டறைப் பையன்கள் கிளம்பிய பிறகு, ஒரு மரத்துண்டை ரிவால்வர் பிடி அளவுக்கு ராவி வைத்துக்கொண்டு, இடது கையில் பிடித்துக் கண்ணை மூடி நீட்டிப் பழகுகிறாராம். சம்பந்தியம்மாள் போன் செய்து, “அவருக்கு என்ன ஆச்சு, சம்பந்தி?” என்று விசாரித்தார்.